உடுப்பு உலர்த்தியும் சூடறியும் சாட்சியும்



குறிஞ்சாக்கேணி என்னும் எங்கள் ஊர் தன் பெயரிலேயே கேணியைச் சுமந்துகொண்டிருக்கிறது. கிண்ணியாவை அடுத்து, களப்பின் ஓரத்திலே, நீரும் காற்றும் சூழ அமைந்த ஊர் அது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் வீட்டுப் பெண்கள் காலையிலே கொடியில் இட்ட உடுப்பை நண்பகலுக்கு முன்னரே எடுத்து மடித்துவிடுவார்கள். ஐப்பசி பிறந்து மாரி தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். கொடியிலே மூன்று நாள் தொங்கிய சட்டையும் நான்காம் நாள் ஈரமாகவே இருக்கும். முகர்ந்தால் பூஞ்சணம் நாறும். பாடசாலைப் பிள்ளையின் வெள்ளைச் சீருடையும், தொட்டிற் பிள்ளையின் துணிகளும் அடுப்படியிலே புகைமணம் ஏறிக் காய்ந்த காலமும் ஒன்றிருந்தது.

இன்று எங்கள் பக்கத்துச் சில வீடுகளிலே மின்சாரத்தால் இயங்கும் உடுப்பு உலர்த்தி வந்து சேர்ந்திருக்கிறது. வந்த பொருள் பழுதுபடுவதும் இயல்பே. பழுது பார்ப்பவரை அழைத்தால் அவர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: "சென்சர் போய்விட்டது." சென்சர் என்று கடைகளிலே சொல்லப்படுவதை நாம் தமிழில் உணரி என்போம். சூட்டை அறிந்து சொல்லும் அந்தச் சிறு கருவி உண்மையாகவே பழுதுபட்டதா, அன்றி அதன்மீது வீண்பழி சுமத்தப்பட்டதா என்பதை எப்படிக் கண்டறிவது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

சென்ற மாரியிலே என் மூத்த சகோதரியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, மெஷின் தொட முடியாத சூடு. ஆனால் உடுப்பு மட்டும் காய்வதாயில்லை. இரண்டு தரம் சென்சர் மாற்றியாயிற்று. பேத்தியின் துணி இன்னும் ஈரமாகவே கிடக்கிறது. ஒருக்கால் வந்து பார்க்கமாட்டாயா?" என்றார். மின்தொழில் கற்பிக்கும் ஆசிரியனாக இருந்து இளைப்பாறியவன் நான். அடுத்த நாளே புறப்பட்டுச் சென்றேன். அந்த வீட்டிலே நான் கண்டதை முறையாகச் சொல்வதற்கு முன்னர், உலர்த்தியின் உள்ளே நிகழ்வது என்ன என்பதைச் சிறிது விளக்க வேண்டும்.

உலர்த்தியின் தத்துவம் எளியது. ஓர் உருளையிலே ஈர உடுப்புகள் புரளுகின்றன. வெப்பச் சுருள் ஒன்று காற்றைச் சூடாக்குகிறது. விசிறி அக்காற்றை உருளையின் ஊடாகச் செலுத்துகிறது. சூடான காற்று ஈரத்தைக் கவர்ந்துகொண்டு, பஞ்சுத்தூசைப் பிடிக்கும் வடியைக் கடந்து, குழாய் வழியே வீட்டுக்கு வெளியே போய்விடுகிறது. நீரைக் குளிரவைத்துத் தொட்டியிலே சேர்க்கும் வகையும் உண்டு. அதிலே வெளிக்குழாய் இராது. எவ்வகையாயினும் ஒரு விதி பொது. உடுப்பை உலர்த்துவதற்கு வெப்பம் மட்டும் போதாது. ஈரத்தைச் சுமந்து செல்லும் காற்று ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். இவ்விதியை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதுவே நமக்குக் கைகொடுக்கும்.

இந்தக் காற்றின் சூடு அளவோடு இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொள்ள உலர்த்தியிலே மூன்று காவலர் உளர்.

முதலாமவர் தேர்மிஸ்டர். உணரி என்று நாம் சொல்வது இவரைத்தான். பயற்றங்கொட்டை அளவேயான ஒரு மணி, இரண்டு கம்பிகள். காற்று வெளியேறும் வழியிலே அமர்ந்திருப்பார். மின்னோட்டத்துக்கு இவர் காட்டும் தடை சூடு ஏற ஏறக் குறையும். சூடு தணியத் தணியக் கூடும். கட்டுப்பாட்டுப் பலகை அந்தத் தடையைப் பார்த்துக் காற்றின் வெப்பநிலையைக் கணித்துக்கொள்கிறது. இப்பண்பை முதன்முதலாகக் குறித்துவைத்தவர் மைக்கல் பரடே. 1833 ஆம் ஆண்டிலே வெள்ளிச் சல்பைட்டை ஆராய்ந்தபோது, சூடாக்கினால் அதன் தடை குறைவதை அவர் கண்டார். உலோகங்களிலே நிகழ்வது இதற்கு நேர்மாறு. பரடே கண்டதைப் பயன்படும் கருவியாக மாற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

இரண்டாமவர் தேர்மோஸ்டாட். ஒன்றோடொன்று ஒட்டிய இருவேறு உலோகத் தகடுகளால் ஆன வட்டு இவரிடம் உண்டு. குறித்த சூடு வந்ததும் அவ்வட்டு வளைந்து மின்சுற்றைத் திறந்துவிடும். ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பும். சில வகைகளிலே அதன் நடுவிலுள்ள பொத்தானை அழுத்தினாலன்றித் திரும்பாது.

மூன்றாமவர் வெப்ப உருகி. இவருக்கு ஒரேயொரு கடமை. அதனை ஒரே முறைதான் செய்வார். சூடு எல்லை மீறினால் சுற்றை அறுத்துத் தாமும் மாய்ந்துபோவார். பிறகு புதிய உருகிதான் வேண்டும். தமது உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பவர் இவர்.

இம்மூவரையும் பிரித்தறியாமல் "சென்சர்" என்ற ஒரே பெயரால் அழைப்பதே முதற் குழப்பம். நான்காவது ஒன்றும் உண்டு. உருளையின் உட்புறத்திலே இரண்டு உலோகப் பட்டைகள் பளபளத்துக்கொண்டிருப்பதைச் சில உலர்த்திகளிலே காணலாம். அவை சூட்டை அறிவன அல்ல, ஈரத்தை அறிவன. ஈரத்துணி இரண்டையும் ஒருங்கே தொட்டால் சிறு மின்னோட்டம் பாயும். உலர்ந்த துணி தொட்டால் பாயாது. துணியை மென்மையாக்கும் திரவங்களின் படலம் அவற்றின்மேல் படிந்துவிட்டால், உடுப்பு ஈரமாக இருக்கும்போதே உலர்ந்துவிட்டதென்று இயந்திரம் நின்றுவிடும். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தாலே பெரும்பாலும் அப்பழுது தீர்ந்துபோகும். இதற்காகச் சூடுணரியை மாற்றுவது, காது கேளாதவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பதை ஒக்கும்.

"தொட்டுப் பார்த்தாலே சூடு தெரியாதா? இத்தனை கருவிகள் எதற்கு?" என்று சிலர் கேட்பர். திருகோணமலை நகருக்கு வடமேற்கே உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளை அறியாதவர் நம்மிலே இல்லை. ஏழு கிணறுகள், அவற்றின் சூடு ஒன்றுபோல் ஒன்று இராது. மிகுந்த சூடுள்ள கிணற்றிலே கையை வைத்துவிட்டு அடுத்ததிலே வைத்தால் "இது குளிர்ந்த நீர்" என்போம். குளிர்ந்த மழைநீரிலே கையை நனைத்துவிட்டு அதே கிணற்றிலே வைத்தாலோ "அப்பா, என்ன சூடு!" என்போம். நீர் மாறவில்லை, கைதான் மாறியது. ஒரே நீர் ஒரு கைக்குக் குளிராகவும் மறு கைக்குச் சூடாகவும் தோன்றும் என்பதை ஜோன் லொக் என்னும் ஆங்கில மெய்யியலாளர் 17 ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். ஆகவே கை நல்ல சாட்சியன்று. அளந்து பார்ப்பதே முறை.

இனிப் பழுதின் குறிகளைக் கேளுங்கள். உணரியின் கம்பி அறுந்துவிட்டால் தடை எல்லையின்றிப் பெருகும். பலகை அதனைக் கடுங்குளிர் என்று எண்ணும். இக்காலத்து இயந்திரங்கள் பல இதனை உணர்ந்து, பிழைக்குறி ஒன்றைக் காட்டி நின்றுவிடும். அவ்வசதி இல்லாதவை சுருளைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். இரண்டாம் காவலர் தடுத்தால்தான் உண்டு. உணரி உள்ளே குறுக்குச்சுற்றாகிவிட்டால் தடை அற்றுப்போகும். பலகை அதனைக் கொடுஞ்சூடு என்று எண்ணிச் சுருளை இயக்கவே மாட்டாது. உருளை சுழலும், காற்று குளிர்ந்தே வரும். உணரி முற்றாகக் கெடாமல் தன் அளவிலிருந்து பிறழ்ந்துவிட்டாலோ, உடுப்பு அளவுக்கு மீறிக் காய்ந்து சுருங்கும். அல்லது குறைவாகக் காய்ந்து ஈரமாகவே வரும்.

ஆயினும் நேயர்களே, இக்குறிகளிலே பலவற்றை அடைபட்ட காற்றுவழியும் அப்படியே தோற்றுவிக்கும். பஞ்சுத்தூசு வடியையோ குழாயையோ அடைத்துவிட்டால் ஈரக்காற்று வெளியேறாது, உடுப்பு உலராது. வெப்பம் சுருளின் பக்கத்திலேயே தேங்கி நிற்கும். தேர்மோஸ்டாட் அடிக்கடி சுற்றைத் திறக்கும். உணரி இருக்கும் இடத்துக்கோ அச்சூட்டின் முழுச் செய்தியும் வந்து சேராது. இயந்திரம் சுடுகிறது, உடுப்பு ஈரம், இடையிடையே நின்றுபோகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உணரியை அல்ல, காற்றின் பாதையை.

என் சகோதரியின் வீட்டிலே நான் முதலிற் செய்ததும் அதுவே. வடியைக் கழற்றிப் பார்த்தேன், துப்புரவாக இருந்தது. வெளியே சென்று, சுவரிலே குழாய் வந்து முடியும் இடத்தைப் பார்த்தேன். காற்று வரும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் தகடு ஒன்று அங்கே இருக்கும். அத்தகட்டின்மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது! தகடு அசையவில்லை. அதன் பின்னே குழாய் நிறைய, ஈரத்திலே ஊறித் திரண்ட பஞ்சுத்தூசு, தலையணைக்கு அடைத்ததுபோல் இருந்தது. இரண்டு புதிய உணரிகளை வாங்கியவர்கள் ஒரு முறையேனும் வீட்டைச் சுற்றி வந்து பார்க்கவில்லை.

குழாயைத் துப்புரவாக்கிய பின்னர் உணரியை விசாரிக்கத் தொடங்கினேன். விசாரணைக்கு முன் ஒரு கட்டளை உண்டு. ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். நம் நாட்டிலே வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. பிழை செய்தவனுக்கு அது இரண்டாந் தடவை கொடுப்பதில்லை. தடையை அளக்கும்போது சுற்றிலே மின்சாரம் அறவே இருக்கலாகாது. இயந்திரம் ஆறும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும். இவற்றிலே பழக்கமில்லாதவர்கள் பின்தகட்டைக் கழற்றாமல், தேர்ந்த மின்னியலாளரை அழைத்து, இங்கே சொல்லும் முறைப்படி பார்க்கும்படி கேட்பதே நன்று.

உணரியின் செருகியைக் கழற்றிப் பன்மானியைத் தடை அளக்கும் நிலையிலே வைத்து, அதன் இரு முனைகளையும் தொட வேண்டும். பல உலர்த்திகளிலே உள்ள உணரி 25 பாகை செல்சியசில் 10,000 ஓம் காட்டும். வேறு அளவுள்ளவையும் உண்டு. ஆதலால் அந்தந்த இயந்திரத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொள்வது அவசியம். 10,000 ஓம் வகையானால், எங்கள் ஊரின் 30 பாகைச் சூட்டிலே சுமார் 8,000 ஓம் காட்டும். அதனை மெல்லிய பொலித்தீன் பையிலே இட்டுப் பனிக்கட்டி மிதக்கும் நீரிலே சிறிது நேரம் வைத்தால் 30,000 ஓமுக்கு அண்மையிலே ஏறும். 50 பாகை வெந்நீரிலே வைத்தால் 4,000 ஓமுக்கு அண்மையிலே இறங்கும். ஏற்றமும் இறக்கமும் தடங்கலின்றி ஒழுங்காக நிகழ வேண்டும். இடையிலே துள்ளினாலோ, அசையாமல் நின்றாலோ, எல்லையின்மையைக் காட்டினாலோ, சாட்சி பொய் சொல்லுகிறது என்று தீர்மானிக்கலாம். ஒரே வெப்பநிலையிலே ஒரு முறை மட்டும் அளந்துவிட்டுத் தீர்ப்பளிக்கலாகாது.

என் சகோதரியின் உலர்த்தியிலிருந்த உணரி இத்தேர்விலே குறைவின்றித் தேறியது. 8,000 ஓம் காட்டியது. பனிக்கட்டி நீரிலும் வெந்நீரிலும் ஒழுங்காகவே நடந்துகொண்டது. எனினும் நான் அத்துடன் நிற்கவில்லை. அதை மறுபடி செருகியிலே பொருத்தி, கம்பியின் மறுமுனையிலே, அதாவது கட்டுப்பாட்டுப் பலகைக்குச் செல்லும் முனையிலே அளந்தேன். இப்போது 9,000 ஓம்! உணரி சொன்னது ஒன்று. பலகையின் காதிலே விழுந்தது வேறொன்று. இடையிலே 1,000 ஓம் எங்கிருந்து வந்தது? செருகியைக் கழற்றிப் பார்த்தேன். உட்புறத்து உலோக முனைகளிலே பச்சைக் களிம்பு படிந்திருந்தது. கடற்காற்றின் உப்பு செய்த வேலை அது. வள்ளத்துச் செப்பாணியிலே பச்சை பூப்பதை நம்மவர் அறிவார்கள், அதே பச்சைதான்.

1,000 ஓம் என்பது சிறு பிழைதானே என்று எண்ணிவிடாதீர்கள். குளிர்ந்த நிலையிலே அது சிறிதுதான். காற்று 60 பாகைக்குச் சூடேறும்போதோ இவ்வகை உணரியின் தடை 3,000 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். அவ்வேளையிலே 1,000 ஓம் கூடுதலாகத் தெரிந்தால், உண்மையான 60 பாகையை ஏறத்தாழ 51 பாகை என்றே பலகை கணிக்கும். இன்னும் சூடு போதவில்லையென்று சுருளை மேலும் இயக்கும். சூடு ஏற ஏற இப்பொய் பெரிதாகிக்கொண்டே போகும். இரண்டு முறை உணரியை மாற்றியும் பயன் காணாத காரணம் இப்போது விளங்குகிறதன்றோ? உணரி புதியது, செருகி பழையது. சாட்சியை மாற்றினார்களே ஒழிய, சாட்சியின் சொல்லைத் திரித்துச் சொன்ன மொழிபெயர்ப்பாளனை மாற்றவில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திராது. உலர்த்தியின் பின்தகட்டை முழுவதும் அகற்றியபோது வெப்ப உருகி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அங்கே உருகி இல்லை. இரு முனைகளையும் சிறு கம்பித்துண்டு ஒன்று நேரே இணைத்திருந்தது.

என் மருமகன் பக்கத்திலே நின்றான். கெட்டிக்காரப் பையன், கைத்தொழிலிலே ஆர்வமுள்ளவன். "இது யார் செய்த வேலை?" என்றேன். அவன் முகம் வாடியது. "நான்தான் மாமா. போன வருஷம் மெஷின் நின்றுபோயிற்று. சோதித்துப் பார்த்தேன்; அந்த உருகி மட்டும் எரிந்திருந்தது. கடையிலே கிடைக்கவில்லை. உம்மா அவசரப்பட்டார்கள். தற்காலிகமாகத்தான் போட்டேன்" என்றான்.

நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எரிந்த உருகியைக் கண்டுபிடித்தவன் அவன், அது திறமைதான். ஆனால் உருகி ஏன் எரிந்தது என்று அவன் கேட்கவில்லை. குழாய் அடைபட்டதால் சூடு எல்லை மீறியது. உருகி தன் கடமையைச் செய்து மாய்ந்தது. அதன் இடத்திலே கம்பியைப் போட்டதும் வீட்டின் கடைசிக் காவலும் நீங்கிற்று. அடைப்பு அப்படியே இருந்தது. கடற்காற்று செருகியைக் கெடுத்துப் பலகையையும் ஏமாற்றியது. மூன்று காவலரிலே ஒருவருடைய சொல் திரிந்தது; ஒருவர் மாண்டார்; எஞ்சிய தேர்மோஸ்டாட் ஒன்றே ஓராண்டு காலம் அந்த வீட்டைத் தனியாகக் காத்து நின்றது. உலர்த்தி நின்ற சுவருக்கு அப்பால், ஒரு முழத் தூரத்திலே, என் சகோதரியின் பேத்தி உறங்கும் தொட்டில். அதை நான் கையால் காட்டினேன், வேறொன்றும் சொல்லவில்லை. என் சகோதரி அப்படியே நாற்காலியிலே அமர்ந்துவிட்டார்.

இது மிகைப்படுத்திய அச்சமன்று. 2008 முதல் 2010 வரையிலான காலத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம், அந்நாட்டு வீடுகளிலே உலர்த்திகளால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,900 தீவிபத்துகள் நேர்ந்ததாகக் கணித்தது. அவற்றுக்குத் துணைபோன காரணங்களுள் முதலிடத்தில் நின்றது துப்புரவு செய்யத் தவறியதே. அதன் பங்கு 34 நூற்றுவீதம். 2016 ஆகஸ்டு மாதத்திலே இலண்டன் மாநகரின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலே அடுக்குமாடிக் கட்டடமொன்றில் பரவிய தீயும் பழுதுற்ற ஓர் உலர்த்தியிலிருந்தே மூண்டது. உலர்ந்த பஞ்சுத்தூசு தீப்பற்றுவதற்கு ஒரு பொறி போதும்.

"தற்காலிகம்" என்ற சொல்லை எங்கள் ஊரார் இலேசாகக் கேட்க முடியாது. பாலம் கட்டி முடியாதிருந்த காலத்திலே களப்பைக் கடக்க மிதவைப் படகொன்றை நம்பியிருந்தோம். 2021 நவம்பர் 23 ஆம் நாள் காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் மாண்டார்கள். அத்துயரை ஓர் இயந்திரத்தின் பழுதோடு ஒப்பிட என் நா எழவில்லை. எனினும், நிலையான பாதுகாப்பு வரும்வரை இதுவே போதும் என்று நாம் விட்டுவைக்கும் ஏற்பாடுகள் எத்தகைய விலையைக் கேட்கும் என்பதை அன்று முதல் எங்கள் ஊர் மறந்ததில்லை. மருமகனிடம் இதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அவனாகவே கம்பியைக் கழற்றி என் கையிலே தந்தான்.

சரியான அளவுள்ள உருகி வந்து சேரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் உலர்த்தி ஓடவில்லை. அடுப்படிக் கொடியிலேதான் பேத்தியின் துணிகள் காய்ந்தன. பின்னர் உருகியைப் பொருத்தினோம். களிம்பேறிய செருகியை வெட்டி நீக்கிப் புதியதைப் போட்டோம். பலகையின் முனையிலே அளந்தபோது 8,000 ஓம் திருத்தமாக வந்தது. குளவிக்கூட்டை அகற்றிய தகடு காற்றுக்குத் திறந்து மூடியது. பழைய உணரிகள் இரண்டையும் எடுத்து அளந்தேன். நேயர்களே, இரண்டும் பழுதற்றவை. குற்றமற்ற இரண்டு சாட்சிகளை வீணாகத் தண்டித்திருந்தோம்.

ஆகவே நான் சொன்னவற்றை நிரல்படக் கூறி முடிக்கிறேன். உலர்த்தி சரியாக உலர்த்தவில்லையென்றால், முதலிலே வடியையும் குழாயையும் வெளித்தகட்டையும் பாருங்கள். இரண்டாவதாக, உருளையின் உட்பட்டைகளைத் துடையுங்கள். மூன்றாவதாக, மின்சாரத்தை அறவே நீக்கிய பின், அறிந்தவரைக் கொண்டு உணரியை ஒரு சூட்டிலன்றிப் பல சூடுகளிலே அளந்து பாருங்கள். நான்காவதாக, அதே அளவு பலகையின் முனைக்கும் வந்து சேருகிறதா என்று பாருங்கள். கடலோரத்து வீடுகளுக்கு இது மிக முக்கியம். ஐந்தாவதாக, உருகி எரிந்திருந்தால் எரிந்த காரணத்தைக் கண்டு தீர்த்த பின்பே புதியதைப் பொருத்துங்கள். அதன் இடத்திலே கம்பியை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள். ஒரு நாளைக்கும் வேண்டாம்.

ஒவ்வொரு முறை உடுப்பை எடுத்த பின்னும் வடியிலுள்ள பஞ்சுத்தூசை நீக்கிவிடுவது அரை நிமிட வேலை. என் சகோதரியின் வீட்டிலே இப்போது அதனைச் செய்பவன் என் மருமகன். மாரி தொடங்குமுன் வெளியே சென்று தகட்டிலே குளவி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பவனும் அவனே. உங்கள் வீட்டிலும் அவ்வாறு பார்ப்பார் ஒருவர் இருக்கட்டும்.